ஏழரை அடிக் கணக்கு

ஃபுஜிஃபிலிமின் ஃபைன்பிக்ஸ் ரியல் 3டி டபிள்யூ3 வெளிவந்தது 2010இல். 10 மெகாபிக்சல், மூன்று மடங்கு ஜூம், கண்ணாடி போடாமலே ஆழம் காட்டும் 3.5 அங்குலத் திரை என்பதெல்லாம் தெரிந்த சங்கதிதான். செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கிச் சில வாரங்களாகக் கையோடு வைத்துக்கொண்டு திரிகிறேன். இந்தக் கேமரா யாரையும் கிட்டே அண்ட விடாது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நம் கண்களுக்கு நடுவே சராசரியாக 63 மி.மீ. இடைவெளி. டபிள்யூ3இன் இரு லென்சுகளுக்கு நடுவே 75 மி.மீ. லென்ஸ் இடைவெளியைப் போல முப்பது மடங்கு தூரத்துக்குள் எந்தப் பொருளும் வரக்கூடாது என்பது ஸ்டீரியோ, அதாவது 3டி, படம் எடுப்பவர்களின் பழைய கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 2.25 மீட்டர், ஏறக்குறைய ஏழரை அடி. ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் தப்பில்லை. நாம் படமெடுப்பதே அந்த ஏழரைக்குள்தானே! குழந்தையின் முகம், இலையில் பரிமாறிய சாப்பாடு, தொட்டியில் பூத்த செம்பருத்தி. கிட்டே போய் எடுத்தால், பூவைப் பார்க்கும்போது பின்சுவர் இரண்டாகிறது. சுவரைப் பார்த்தால் பூ இரண்டாகிறது. ஜூம் போட்டால் இன்னும் பின்னால் போக வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் பேரலாக்ஸ் பொத்தான் என்று நினைப்போம். அது இரு படங்களையும் பக்கவாட்டில் தள்ளிவைக்கும், அவ்வளவே. எடுத்தபோது பதிந்துவிட்ட ஆழத்தைக் குறைக்க அதனால் ஆகாது.

ஆனால் சொன்னபடி கேட்டுத் தள்ளி நின்றால் கேமரா கொடுப்பதோ அலாதி. கோயில் மண்டபம் ஒன்றில், முதல் தூண் எட்டடிக்கு அப்பால் இருக்கும்படி நின்று எடுத்தேன். சாதாரணப் படத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தூண்கள் இதில் தனித்தனியே நிற்கின்றன. நடுவில் ஆள் புகுந்து போகலாம். அதைவிட என்னை மயக்கியது, தூணில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு. மினுக்கம் இரு கண்ணுக்கும் ஒரே இடத்தில் படுவதில்லை என்பதால் கருங்கல் நிஜமாகவே பளபளக்கிறது. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, திருச்சி, தஞ்சைப் பக்கம் ஸ்டீரியோ படங்கள் எடுத்து வெளியிட்டவர். ஸ்டீரியோவுக்கு ஏற்ற இடம் பார்த்துத்தான் ஆள் வந்திருக்கிறார்.

எரிச்சல்களும் உண்டு. கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க முடியாது. லென்சுகள் மேலும் கீழுமாகிவிட்டால் 3டி ஏது? கோபுரத்தையும் படுக்கைவசத்தில்தான் அடக்க வேண்டும். லென்சுகள் இரண்டும் ஓரத்திலேயே இருப்பதால் இடக்கை விரல் ஒன்றை மறைக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். இரு படங்களும் சேர்ந்து பதிவாவது எம்பிஓ என்ற ஒரே கோப்பாக. போனுக்கு அனுப்பினால் பெரும்பாலும் இடப்பக்கப் படம் மட்டும் தெரியும், வாங்கிப் பார்த்த சித்தப்பா, “இதுல என்னப்பா விசேஷம்?” என்கிறார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? 3டி டிவிக்காரர்களும் 2017 வாக்கில் கடையைக் கட்டிவிட்டார்கள். ஜப்பானியரான மசுஜி சூட்டோவின் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் இல்லையென்றால் திண்டாட்டம்தான். இலவச மென்பொருள், எம்பிஓவைத் திறந்து, கோணல் திருத்தி, சிவப்பு-நீலக் கண்ணாடிக்கோ ஸ்டீரியோஸ்கோப்புக்கோ ஏற்றபடி மாற்றித் தரும்.

செம்பருத்தியை விடவே முடியாது என்பவர்களுக்கு மெனுவில் ஒரு வழி உண்டு. ஒரே லென்சால் முதல் படம் எடுத்ததும் அது திரையில் மங்கலாக நிற்கும். அதைப் பார்த்தபடி கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுத்ததை எடுக்கலாம். ஒரு அடி தூரத்துப் பூவுக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும். காற்றடிக்காத நேரமாகப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இதழ் அசைந்தால் படம் போச்சு.

பழையது வாங்குகிறவர்கள் ஜூமை முன்னும் பின்னும் ஓட்டி, இரு லென்சும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று பின்தங்கினால் விற்றவருக்குக் காசு, உங்களுக்குத் தலைவலி.