தேய்ந்ததை வாசித்தல்: பழைய காரும் பட்டறையும் ‘அசல்’ என்கிற சொல்லும்

‘அசல்’ என்கிற சொல் நம் புழக்கத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. வட்டிக்கு எதிரில் ஒன்று, போலிக்கு எதிரில் ஒன்று. இரண்டுமே பத்திரம் வைத்திருப்பவனின் சொற்கள். அசல் எவ்வளவு என்று சொல்லும் அதிகாரம் கடன் வாங்கியவனுக்குக் கிடையாது. அதுபோலவே, ஒரு பொருளைக் கையால் தொட்டுச் சரிசெய்து ஓடவைப்பவனுக்கு அது அசலா இல்லையா என்று சொல்லும் அதிகாரமும் கிடையாது. பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கிற வேலையைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிற நண்பர்களுக்கு என் முதல் பதில் இதுதான். மூலம், பாடம், திருத்தம், போலி, ஆசிரியன் என்று பிரதியை முன்வைத்து நாம் சண்டை போட்டுவந்த அத்தனை சங்கதிகளும் அங்கே கிரீஸ் படிந்து கிடக்கின்றன.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி ‘விண்டேஜ்’ வாகனம் என்று ஒரு வகையை உண்டாக்கியது. 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்; மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்று தனி எழுத்து. அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் கொள்கையும் அறிவிக்கப்பட்டது. 15 வயதைத் தாண்டிய சாதாரணக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. புகை, பாதுகாப்பு என்று இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு உத்தரவுகளையும் அருகருகே வைத்து வாசித்தால் மூன்றாவதாக ஒரு வாக்கியம் கேட்கிறது: நின்றுகிடக்கிற பழசு பாரம்பரியம், ஓடிப் பிழைக்கிற பழசு குப்பை. வேலைக்கு அனுப்பாமல் ஒரு வண்டியைப் பொத்திவைக்க வசதி உள்ளவனிடம்தான் ‘மூல வடிவம்’ மிஞ்சும்.

சரி, அப்படி மிஞ்சியதாகச் சொல்லப்படும் காருக்குள் என்ன இருக்கிறது? நமக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு கார், பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இந்தியப் பிறப்பு. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் தன் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடிமுனையில் த்ரெட் வெட்டியிருக்கும். அதன்மேல் வெண்கலக் கட்டை ஒன்று திருகி உட்கார்ந்திருக்கும். ‘ட்ரனியன்’ என்பார்கள். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு சுழல்வது இந்த த்ரெட்டுக்குள்தான். அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் போட வேண்டும். காயவிட்டால் த்ரெட் அரிக்கும், ஒருநாள் தண்டு ஒடியும், சக்கரம் உள்ளே மடங்கும். இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் எதிர்ச்சுற்று. ஒன்றை மாற்றி இன்னொன்றைப் போட முடியாது.

வெளிநாட்டுக் கார் வரத்து 1950களிலேயே ஏறத்தாழ அடைபட்டுப்போன நாட்டில் இப்படிப்பட்ட ஸ்பேருக்கு எங்கே போவது? செய்துகொள்ள வேண்டியதுதான். செய்வது என்றால் முதலில் அளவு வேண்டும். கையில் இருப்பதோ தேய்ந்த பாகம். தேய்ந்ததை அளந்தால் தேய்மானத்தின் அளவுதான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு டர்னர் இதைச் சாதாரணமாகச் சொன்னார்: “தேஞ்ச எடத்துல அளவு இருக்காது சார், தேயாத எடத்துலதான் இருக்கும்.” சீல் மூடியிருந்த விளிம்பு, போல்ட்டின் தலைக்கு அடியில் மறைந்திருந்த வட்டம், எதிர்ப்பாகத்தில் பதிந்த தடம் என்று தேடி, இல்லாமல் போன உருவத்தை அவர் கணிக்கிறார். அப்புறம் பேட்டர்ன் செய்பவரின் வேலை. வெண்கலம் உறையும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு போலச் சுருங்கும், வார்ப்பிரும்பு ஒரு பங்கு. அந்தச் சுருக்கத்தைச் சேர்த்து, லேத்தில் கடைந்து எடுக்க வேண்டியதைச் சேர்த்து, மணலிலிருந்து உடையாமல் உருவ ஓரத்தில் சரிவு கொடுத்து மரத்தில் ஒரு உரு செய்ய வேண்டும். அந்த மர உரு மூலத்துக்கும் பொருந்தாது, நகலுக்கும் பொருந்தாது, இரண்டையும்விடப் பெரிசு. மூலத்துக்கும் நகலுக்கும் நடுவில் யாரும் காட்சிக்கு வைக்காத மூன்றாவது ஒரு வடிவம் இருக்கிறது என்பதை நம் கோட்பாட்டாளர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்று லேசர் ஸ்கேனர் வந்துவிட்டது, உருவைப் பிரிண்டரிலேயே எடுக்கலாம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஸ்கேனர் தேய்மானத்தையும் மூலமென்று நம்பிவிடும். எது வடிவம், எது காலம் தின்றது என்று பிரிப்பது எந்திரத்தின் கண் இல்லை, வாசிப்பு. சுவடிப் பதிப்போடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. இன்றுவரை அந்த எண்கள் காலியாகவே நிற்கின்றன. வேறு பாட்டுகளில் அடிகள் சிதைந்த இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. அவருக்கு இருந்த புலமைக்கு அந்த அடிகளைக் கட்டிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. கட்டவில்லை என்பதுதான் அந்தப் பதிப்பின் அறம்.

‘கார் அப்படி முடியுமா? புள்ளி வைத்த இடத்தில் சக்கரம் கழன்றுவிடுமே’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. காரில் இடைவெளியை நிரப்பியே ஆக வேண்டும். ஆகவே அங்கே அறம் வேறு இடத்துக்கு நகர்கிறது: நிரப்பியதை நிரப்பியதாகக் காட்டுகிறோமா, மறைக்கிறோமா? கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்தும், மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்றது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும், மாற்றிய பாகத்தில் அழியாத அடையாளம் இடச் சொல்கிறது. சந்தை கேட்பதோ நேர் எதிர். புதுசு தெரியக் கூடாது. துருவின் நிறத்தைக்கூடப் பூசித் தரச் சொல்கிறார்கள்.

இந்தச் சந்தை தொழுகிற ‘மூலம்’ என்பதன் லட்சணத்தையும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் அடையாளமாகவே பேசப்படும் எம்ஜி டிசி, 1945இலிருந்து 1949வரை வந்த வண்டி. அதன் எஞ்சின் போல்ட்டுகளின் தலை இங்கிலீஷ் விட்வொர்த் ஸ்பேனருக்குப் பொருந்தும். தண்டின் த்ரெட்டோ மெட்ரிக். அந்த எஞ்சின் கூடத்தின் பூர்வீகம் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. தலை ஒரு தேசம், உடம்பு ஒரு தேசம். ஹெரால்டும் அப்படித்தான்: இத்தாலியர் மிக்கெலொட்டி வரைந்தது, இங்கிலாந்துக் கம்பெனி விற்றது, நம்மூரில் நம்மாட்கள் பூட்டியது. மூலத்தைப் பிரித்தால் உள்ளே கலப்புதான் கிடைக்கிறது.

இன்னும் இரண்டு சாட்சிகள். 1957 பிப்ரவரியில் ஜாகுவார் தொழிற்சாலையில் தீப்பிடித்து, செய்ய உத்தேசித்த 25 எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களில் 9 அழிந்தன. 2016இல் அந்த ஒன்பதையும் புதிதாகச் செய்து விற்கப்போவதாகக் கம்பெனியே அறிவித்தது. பழைய பதிவேட்டின் தொடர்ச்சியாகச் சேஸிஸ் எண், புது உலோகம். இதையே ஒரு பட்டறைக்காரன் செய்தால் போலி. கம்பெனி செய்தால் ‘தொடர்ச்சி’. இரண்டாவது, 1990இல் லண்டனில் நடந்த வழக்கு. 1929, 1930 லெ மான் பந்தயங்களை ஜெயித்த ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லியை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது அசலில்லை என்று பின்வாங்கினார்கள். 1929ஆம் வருஷத்து உலோகம் அதில் ஏறக்குறைய மிஞ்சவில்லை என்பது உண்மைதான். ஆனால் பாகம் பாகமாக மாறிவந்தபோதும் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, ஆகவே இதுதான் அந்தக் கார் என்றார் நீதிபதி ஆட்டன். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. அசல் என்பது இரும்பில் இல்லை, அறுபடாத உழைப்பில் இருக்கிறது என்று அதை நீட்டி வாசிக்கலாம்.

அப்படி வாசித்தால் நாம் ஜவ்வாது மலைக்கு வந்துசேர்கிறோம். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற பாதைகளில் சாமை மூட்டையும் புளியும் பலாவும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போகிற பழைய ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஸ்பிரிங் பட்டை ஒரு வண்டியினுடையது, கியர்பாக்ஸ் வேறொன்று, புஷ் எல்லாம் அடிவாரத்து லேத்தில் கடைந்த கன்மெட்டல். ஸ்பிட்ஃபயருக்கு ட்ரனியன் செய்கிற அதே அளவெடுப்பு, அதே கணிப்பு, அதே வார்ப்பு. அங்கே அதன் பெயர் ‘ரெஸ்டோரேஷன்’, இங்கே ‘ஒட்டுவேலை’. பென்ட்லிக்குக் கிடைத்த அறுபடாத வரலாறு மலையாளிப் பழங்குடி ஒருவர் மூட்டையோடு ஏறும் ஜீப்புக்குக் கிடைக்காதா? கிடைக்காது, பத்திரம் இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே லெவி-ஸ்ட்ராஸை இழுத்துவருவார்கள். கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடுகிறவன், திட்டம் போட்டுச் செய்கிற எஞ்சினியர் என்று 1962இல் அவர் பிரித்தார். அந்த எஞ்சினியரே ஒட்டுப்போடுகிறவன் கட்டிய தொன்மம்தான் என்று 1966இல் தெரிதா கவிழ்த்தார். பட்டறைக்குப் போனால் தெரிதா சொன்னது சரியென்று தெரியும். ஆனால் அதோடு நின்றுவிட்டு ஒட்டுவேலையைக் கொண்டாடப் போவது நம் வியாதி. கொண்டாடுகிறவர் அந்த ஜீப்பில் ஏறமாட்டார். 2022 ஏப்ரல் 2 அன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் புதூர்நாடு பக்கம் கோயிலுக்குப் போன மலைக்கிராமத்து ஜனங்களின் வேன் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். அதற்கு ஏதோ ஒரு பாகம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மலையில் ஒரு வண்டி எதைச் சுமக்கிறது என்று சொல்கிறேன். ஸ்டியரிங் தண்டுக்கு எந்த எஃகு, எவ்வளவு பதம் என்ற கேள்வி கண்காட்சிக் காரைவிட அங்கேதான் உயிர்க்கேள்வி. ஏழையின் வண்டிக்கு நல்ல உலோகமும் சரியான வரைபடமும் வேண்டும். அழகியல் அனுதாபம் வேண்டாம்.

வரைபடம் என்று சொல்லும்போது அதே மலையில் காவலூர் இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986 ஜனவரியில் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. ஆடியை இழைத்தது நிறுவனத்தின் பெங்களூர்க் கூடம். இந்த நாட்டில் வடிவமைத்து இந்த நாட்டிலேயே செய்தது என்று பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அங்கே செய்த பாகம் ‘வடிவமைப்பு’. சில கிலோமீட்டர் தள்ளி ஜீப்புக்குச் செய்த பாகம் வெறும் ‘கைவேலை’. வித்தியாசம் அறிவில் மட்டும் இல்லை, அறிவு காகிதத்தில் ஏறியதா என்பதில் இருக்கிறது. கம்மியரின் அறிவைக் காகிதத்தில் ஏற்றாமல் கையோடு நிறுத்திவைத்தது எந்தச் சமூக ஏற்பாடு என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கார் கண்காட்சிகளில் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் அட்டை வைப்பார்கள். கம்பெனி, மாடல், வருஷம், உரிமையாளர். பேட்டர்ன் செய்தவர் பெயர், மணலில் வார்த்தவர் பெயர், கடைந்தவர் பெயர் இருக்காது. பதிப்பாசிரியர் பெயரை அட்டையில் போட்டுவிட்டு ஏடு பெயர்த்தெழுதிய கையை நாம் மறந்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. டூரின் சாசனம் கேட்பது மாற்றுப்பாகம் என்ற அடையாளம். அது போதாது. யார் செய்தது, எந்த ஊர்ப் பட்டறை, எந்த வருஷம், என்ன உலோகம் என்பதும் பாகத்தின் உடம்பிலேயே இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயருக்கும் சரி, மலை ஜீப்புக்கும் சரி. பெயர் இருந்தால் பொறுப்பும் இருக்கும். ஒடிந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியும். அடுத்து அதைத் திறக்கிறவன் முதலிலிருந்து கணிக்க வேண்டியிராது, முந்தியவனின் வாசிப்பிலிருந்து தொடங்கலாம். இதற்குப் புதிய சட்டமோ சாசனமோ தேவையில்லை. எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றும் சுத்தியல் ஒன்றும் எல்லாப் பட்டறையிலும் கிடக்கிறது.