உரசல் ஓய்ந்த நாள்

என் சிவப்பு மியாட்டா இப்போது உரசுவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி இது!

1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான அந்த முதல் தலைமுறை வண்டி, கண் விழிப்பதுபோல் எழும்பும் விளக்குகளோடு. ‘ஜின்பா இத்தாய்’ என்பார்கள் ஜப்பானியர்கள். குதிரையும் அதில் ஏறியவனும் ஓருயிர் ஆவது. அந்தச் சொல்லை மனதில் வைத்து உருவாக்கிய கார் இது. உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தி, பதினைந்து அங்குல விட்டத்தில் அகலமான வீல் மாட்டியதும் அதன் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓட்டத்தான் முடியவில்லை. டொராண்டோ சாலைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் பின்சக்கரப் பக்கம் ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம், கூடவே கருகும் ரப்பர் வாசனை. என் நெஞ்சையே யாரோ அரம் போட்டு ராவுவதுபோல் இருக்கும்.

“வண்டியை உயர்த்திவிடுங்கள்” என்றார்கள் ஒரு பட்டறையில். மனம் ஒப்பவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய 185/60 ஆர்14 டயருக்கும் புதிய 195/50 ஆர்15க்கும் உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை! குற்றவாளிகள் வீலின் அகலமும் ஆஃப்செட்டும். வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் இடையே உள்ள மில்லிமீட்டர் தூரம்தான் ஆஃப்செட். ஐந்தரை அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்ட பழைய வீல் இருந்த இடத்தில் எட்டு அங்குலம், 25 ஆஃப்செட். வீலின் வெளிவிளிம்பு ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாயும்படி கேம்பரை மாற்றிப் பார்த்தேன். இந்த வண்டியில் அதைத் திருத்துவது சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் இருக்கும் போல்ட்டில். அதனால் சக்கரத்தின் அடிப்பக்கம்தான் வெளியே போனது, மேற்பக்கம் லேசாகத்தான் உள்ளே வந்தது.

பின் மட்கார்டுக்குள் விரலை விட்டால் உள்நோக்கி மடிந்த ஒரு தகட்டு விளிம்பு தட்டுப்படும். டயரின் தோளில் பளபளவென்று கோடு கிழித்தது அதுதான். அந்த மடிப்பை மேலே தள்ளிப் படுக்க வைத்தால் போதும். அதற்கென்றே ஒரு ரோலர் கருவி இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பிலேயே முடுக்கிக்கொள்ளலாம்.

கருவி கொண்டுவந்த நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கினோம். குளிர்ந்த பெயிண்ட் விரிசல் விடும். சூடானது வளைந்து கொடுக்கும். நான் நெம்புகோலைக் கொஞ்சம் வேகமாக இழுத்ததும், “அவசரப்படாதேங்கோ அண்ணை, அது தானா மடங்கும்” என்றார். மடங்கியது! ஒரு சுற்று, அரைத் திருகு, மறுபடி சூடு, மறுபடி ஒரு சுற்று. பம்பர் வந்து சேரும் மூலையில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினோம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே பெயிண்டில் ஒரு கீறல் இல்லை, தகட்டில் ஒரு அலை இல்லை. சொக்கிப்போய்த் தடவிக்கொண்டே நின்றேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடக் கூடாது. இங்கே குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள். மடித்த இடத்தில் பழைய சீலர் பிளந்திருந்தால் துரு உள்ளே குடியேறிவிடும். புது சீலர் பூசி, அதன்மேல் பெயிண்டும் அடித்த பிறகுதான் சக்கரத்தை மாட்டினோம். ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும்வரை தூக்கிப் பார்த்தோம். டயருக்கும் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது!

மறுநாள் காலை கேலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் சாலைக்கு ஓட்டிப் போனேன். கொண்டை ஊசி வளைவில் நண்பரும் நானும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டோம். வண்டி சாய்ந்தது, ஸ்பிரிங் அமுங்கியது. எஞ்சின் பாட்டு மட்டும்தான் கேட்டது. மேலே போய்த் திரும்பி வந்து அதே வளைவை இன்னும் நான்கு முறை எடுத்தோம்.