விறைப்பு வேறு, தழும்பு வேறு

“ஊசி குத்தாமல், உடலைக் கீறாமல், கல்லீரலில் விழுந்த தழும்பைச் சில நிமிடங்களில் அளந்து சொல்லும் கருவி!” மருத்துவ முகாம்களில் இப்படி ஒரு விளம்பரத்தை நீங்கள் கண்டிருக்கலாம். இதில் முதற்பாதி உண்மை. பிற்பாதியைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும்.

கருவி செய்வது என்ன? விலாவின்மேல் வைத்த முனை, நொடிக்கு 50 அதிர்வு என்ற கணக்கில் மெல்லத் தட்டுகிறது. கல்லீரலுக்குள் ஒரு குறுக்கலை ஓடுகிறது. அதன் வேகத்தை மீயொலி அளக்கிறது. வேகத்தின் இருமடியை அடர்த்தியாலும் 3 ஆலும் பெருக்கினால் யங் குணகம் கிடைக்கும். அலை நொடிக்கு 1 மீட்டர் ஓடினால் விறைப்பு ஏறத்தாழ 3 கிலோ பாஸ்கல். 2 மீட்டர் ஓடினால் 12. நலமான கல்லீரலில் இது 5 அளவில் இருக்கும். 1995-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ராஜா முத்துப்பிள்ளையும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய அலைகளைக் காந்த ஒத்ததிர்வுப் படத்தில் காணும்படி செய்தார்கள். மீயொலிக் கருவி 2003-இல் பிரான்சிலிருந்து வந்தது.

ஆக, அளக்கப்படுவது விறைப்பு. தழும்பு நாம் ஊகிப்பது. தழும்பேறிய ஈரல் விறைக்கும் என்பது மெய்தான். ஆனால் விறைத்த ஈரலெல்லாம் தழும்பேறியதாகுமா?

இதற்கு விடை தந்தவை பன்றிகள். 2008-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் பன்றிகளின் பித்தநாளத்தைக் கட்டினார்கள். 120 நிமிடங்களில் விறைப்பு இருமடங்காயிற்று. இரண்டு மணி நேரத்தில் தழும்பு வளருமா? வளராது. தேங்கிய பித்தத்தின் அழுத்தமே காரணம். 2010-இல் அவர்களே, சிரையின் அழுத்தம் ஏறினால் ஈரலின் விறைப்பும் ஏறும், அழுத்தம் இறங்கினால் அதுவும் இறங்கும் என்று காட்டினார்கள். நீர் நிரம்பிய ரப்பர் பையை அழுத்திப் பாருங்கள், புரியும்.

இன்னொன்றும் உண்டு. பன்றியின் ஈரலில் நுண்மடல்களைப் பிரிக்கும் நாரிழைத் தடுப்புகள் இயல்பாகவே தடித்தவை. மனித ஈரலில் அவை மிகக் குறைவு. ஆகவே பன்றியில் கண்ட எண்ணை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது முறையன்று.

அப்படியானால் கருவி பயனற்றதா? அல்ல. ஒரே விலங்கைக் கொல்லாமல் வாரந்தோறும் அளக்க முடிவதால் ஆய்வுக்குப் பலியாகும் உயிர்கள் குறைகின்றன. இது சிறிய நன்மையன்று. ஆனால் அழுத்தம், அழற்சி, உணவு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல், திசுவை நுண்ணோக்கியில் ஒருமுறையேனும் ஒப்பிடாமல், “தழும்பு குறைந்தது” என்று எழுதும் ஆய்வு அரைகுறை ஆய்வே.

முகாமுக்கும் இது பொருந்தும். நாளை செவ்வாப்பேட்டையில் ஒரு தொழிலாளி காலைச் சிற்றுண்டி முடித்த கையோடு இக்கருவியின்முன் படுத்தால், உண்டபின் ஈரலுக்குப் பெருகும் இரத்தமே எண்ணை உயர்த்திவிடும். இல்லாத நோய்க்கு அவர் அஞ்சி அலைய நேரும். குறைந்தது மூன்று மணி நேரம் உண்ணாமல் இருந்தீர்களா என்று கேட்காத முகாமின் எண்ணை நம்பாதீர்கள். எண் உயர்ந்திருந்தால் அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். மருத்துவரிடம் காரணத்தைக் கேளுங்கள். கருவி பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் பிழை.