துணியில் தைத்த பெயர்

ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் பட்டப்பெயரைத் தாங்கிக் காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத்திலும், அதனை அடுத்த ஐயம்பேட்டையிலும், தலைமுறை தலைமுறையாகத் தறியை நம்பி வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் பாவோடும் ஊடையோடும் பல நாள் உழைத்து அறுத்துக் கொடுக்கும் பட்டுச் சேலை கடையை அடையும்போது, கடைப்பெயர் அச்சிட்ட பெட்டி அதற்குக் கிடைக்கிறது. நெய்தவரின் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஊருக்கு ஒரு நவாபின் பெயர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்க, சேலைக்கு அதைச் செய்தவரின் பெயர் இல்லாத இந்நிலையை நினைத்தே, தாம் தைத்த உடுப்புக்கும் பைக்கும் தாமே லேபிள் செய்து தைக்கும் வழக்கத்தை நான் சிரத்தையோடு பரிசீலிக்கப் புகுந்தேன்.

வழக்கம் முற்றிலும் புதியதன்று. சேராங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் இட்ட சலவைக் குறி, சுண்ணாம்பு பட்டதும் கறுத்து, எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அழியாமல் நின்றது. ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் சுபாவமுள்ளது. அக்குறி சொன்னது துணி எவருடையது என்பதைத்தான், எவர் செய்தது என்பதையன்று. சட்டைக் காலரின் உட்புறத்தில் தையற்காரர் வைக்கும் சிறு லேபிளே முதன்முதலாகச் செய்தவரின் பக்கம் நின்று பேசிற்று. வீட்டு லேபிள் அதன் வாரிசு.

இதன் குறைகளில் முதன்மையானது நிலையாமை. ரப்பர் முத்திரைக்குரிய சாதாரண மையில் பெயர் பதித்த நாடா முதல் சலவையிலேயே கரைந்து உடுப்பின் மேலும் கறையாகப் படிந்துவிடுகிறது. துணிக்கென்றே ஆன சாயத்தைப் பயன்படுத்தி, உலர்ந்தபின் இஸ்திரிச் சூட்டினால் உறைய வைத்தாலன்றி அது நிற்காது. புது நாடாவில் ஏறியிருக்கும் கஞ்சி, சாயத்தை இழைக்குள் புகவிடாமல் மேலேயே நிறுத்திவிடுவதால் அதை முன்னரே அலசிப் போக்க வேண்டும். அலசினால்தான் சுருங்க வேண்டிய அளவும் சுருங்கி முடிகிறது, இல்லையேல் தைத்தபின் சுருங்கித் துணியையும் சுருக்கிவிடும். ஊசியும் நூலும் கொண்டு எழுத்தைப் பூவேலையாகத் தைத்தால் அழகும் உறுதியும் மிகுதி. ஆயினும் பத்துப் பைக்கு அது இயலும், நூறு பைக்கு இயலாது. பசை தடவி ஒட்டும் லேபிளை நான் ஆதரிக்கவே மாட்டேன். சில சலவைகளில் அதன் முனை உரிந்து கழுத்தை உறுத்தும்.

கைவேலையின் இந்தக் குறைகள் பழகப் பழகத் தீரும். தீராத குறை ஒன்று உண்டு, அது பிரமாணமின்மை. 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் வந்த ‘சில்க் மார்க்’ இழை தூய பட்டு என்று சாட்சி சொல்கிறது. காஞ்சிபுரப் பட்டுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை தறியைச் சொல்கிறது. வீட்டு நாடாவிலோ, எவரும் விசைத்தறித் துணியின் மேல் ‘கையால் நெய்தது’ என்று பதிக்கலாம், கேட்பார் இல்லை. ஆகையால் பிறர் சான்று தர வேண்டியவற்றை விட்டுவிட்டு, தம் பெயர், ஊர், நூலின் வகை, துவைக்கும் முறை என்று தாம் பொறுப்பேற்கக் கூடியவற்றை மட்டும் எழுதுவதே இந்த லேபிளுக்கு நாணயமான எல்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த எல்லைக்குள் அதன் பலம் மிகப் பெரிது. ஏனெனில் அம்முத்திரைகள் இழைக்கும் ஊருக்கும் தறிக்கும் சான்று பகர்கின்றனவேயன்றி, வாங்குகிறவருக்கு இன்னார் நெய்தார் என்று அறிவிப்பது அவற்றின் நோக்கமன்று. 1935-இல் தோன்றிய, நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைச் சேலைகளோடு இணைத்தது மிக நல்ல முயற்சி. ஆனால் அட்டை காகிதம், சேலையை உடுத்தும் முதல் நாளிலேயே பிரிந்துபோவது. நாடாவோ துணியோடு துவைபட்டு, துணியோடு மகளுக்கும் போய்ச் சேரும்.

பட்டில் தைப்பதற்கு ஒரு தயக்கம் உண்டு: ஊசி போன இடத்தில் துளை தங்கிவிடும். தறியில் பூட்டும் ஜாகார்டு கருவியால் எழுத்தை நெய்துவிடலாமெனில், ஒவ்வொரு பெயருக்கும் தனி அட்டைகள் குத்த வேண்டியிருக்கிறது. ஆனால் உடுத்தும்போது இடுப்பில் செருகும் உள்முனை எவர் கண்ணிலும் படுவதில்லை. அங்கே மெல்லிய ஊசியால் நான்கு தையல் போட்டால் சேலைக்கு ஊனமில்லை. உண்மையான தடை ஊசியன்று. பெயர் தெரிந்தால் வாங்குகிறவர் நேரே தறிவீட்டுக்கே போய்விடுவார் என்ற அச்சம் நூலும் ஜரிகையும் முன்கூட்டிக் கொடுத்து நெய்விக்கும் முதலாளிக்கு உண்டு. அவர் முதலீட்டை நம்பி வாழும் நெசவாளர் அந்த அச்சத்தை எதிர்த்துத் தம் பெயரைத் தாமே தைப்பது எளிதன்று. எனவே கூட்டுறவுச் சங்கங்களே முதலில் அந்த உள்முனையில் இரண்டு அங்குல நாடாவுக்கு இடம் கொடுக்க வேண்டும்.