தண்ணீர் இல்லாமல் இறுகாது, தண்ணீர் பட்டால் கரையும்: ஜிஐசி பல் அடைப்பு

கீழ்க் கடைவாயில் இடப்பக்கம் ஜிஐசி, வலப்பக்கம் காம்போசிட் எனும் பிசின் அடைப்பு. ராயபுரத்து அத்தோ நூடுல்ஸ், காசிமேட்டு நெத்திலி, திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து லெமன் சோடா என்று சில மாதங்களாக இரண்டும் எனக்கு ஈடுகொடுத்து வருகின்றன. பிராண்ட் பெயர் வேண்டாம். வலிமை, நிற எண், விலையெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். யாரும் சொல்லாத சங்கதி தண்ணீர்.

ஜிஐசி என்பது கிளாஸ் அயனோமர் சிமென்ட். லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தின் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972இல் இதைப் பற்றி எழுதினார்கள். கண்ணாடிப் பொடியையும் பாலி அக்ரிலிக் அமிலத்தையும் தண்ணீரோடு குழைத்தால் சில நிமிடங்களில் இறுகும். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வினையே நடக்காது. ஆனால் சூட்டோடு சூடாக எச்சில் பட்டால், பிணைக்க வேண்டிய கால்சியமும் அலுமினியமும் கழுவிக்கொண்டு போய்விடும். சரி, உலர விடலாமா என்றால் வெடிப்பு விழும். புதுமாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் கிடையாது! அடைத்த கையோடு வாசலினோ வார்னிஷோ தடவுவது இதற்குத்தான். எனக்குத் தடவினார்கள், குறை சொல்ல முடியாது.

அப்படியும் இப்போது நாக்கு நுனியை வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. காம்போசிட் வழவழவென்று இருக்கிறது. ஜிஐசி சொரசொரப்பு, பல்லோடு சேரும் இடத்தில் மெல்லிய படி ஒன்று, அதில் டீக்கறை. வெறும் தண்ணீர் மட்டும் இதைச் செய்யாது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கால்சியத்தையும் அலுமினியத்தையும் கவ்வி இழுக்கக்கூடியது. அத்தோவிலும் எலுமிச்சை, அப்புறம் சோடாவிலும் எலுமிச்சை என்றால் சிமென்ட் என்ன செய்யும்?

காம்போசிட்டும் தண்ணீர் குடிக்காத உத்தமன் இல்லை. ஐஎஸ்ஓ 4049 தரப்படி 15 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனத்தில் வில்லை செய்து, 37 டிகிரி தண்ணீரில் 7 நாள் போட்டு எடை பார்ப்பார்கள். கன மில்லிமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை உறிஞ்சலாம்; 7.5 வரை கரையலாம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசையில் நிற்கும் டிரைவர் நாளெல்லாம் டீயும் சோடாவுமாகக் குடிப்பது இந்தச் சோதனையில் வராது. ஜிஐசிக்கான தரத்திலாவது லாக்டிக் அமிலச் சோதனை தனியாக இருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும் விஷயம் நீல லைட். காம்போசிட்டை அது முழுசாக இறுக்கவில்லை என்றால், இறுகாமல் மிஞ்சும் பிசின் வாய்க்குள் கசியும். உள்ளே தண்ணீரும் கூடுதலாக ஏறும். பல்லருகே ஆடாமல் பிடிக்க வேண்டிய லைட்டை, எங்கோ பார்த்துக்கொண்டு பிடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஜிஐசியை அதற்காகத் தள்ளிவிட மனசு வரவில்லை. அதற்குள் தண்ணீர் போய்வருவதால்தான் ஃப்ளூரைடு வெளியே வருகிறது. பேஸ்ட்டிலிருந்து கொஞ்சம் திரும்பவும் ஏற்றிக்கொள்கிறது. காம்போசிட் ஒட்டும்போது பல்லில் எச்சில் படவே கூடாது. ஜிஐசி சற்று ஈரமான பல்லோடும் ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும். மின்சாரமும் வேண்டாம். 1980களில் தான்சானியாவில், டிரில் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறையை முயன்றார்கள்; பிறகு அதற்குத் தோதாக அமைந்த பொருள் இதுதான். குப்பங்களில் நடக்கும் பல் முகாமுக்கு இதைவிட ஏற்ற சரக்கு எனக்குத் தெரியாது.

ஈறோரச் சொத்தை, பால்பல், முகாம் என்றால் தயங்காமல் ஜிஐசி போடலாம். நெத்திலி முள்ளை அரைக்கும் பரப்புக்குக் காம்போசிட்டே மேல். எதைப் போட்டாலும் எழுந்து வருமுன் கேளுங்கள்: ஜிஐசி என்றால் மேல்பூச்சு தடவியாயிற்றா, காம்போசிட் என்றால் லைட் முழு நேரமும் பிடித்தாயிற்றா என்று. ஜிஐசி போட்ட அன்றைக்கு லெமன் சோடாவுக்கு லீவு விடுங்கள்.