தேர்க்கால் யார்மீது ஏறுகிறது?

திருவாரூர் செல்வோர் அங்கே கல்தேர் ஒன்றைக் காணலாம். கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை நினைவூட்டி நிற்கிறது அது. கதை நடந்ததா என்பதை வரலாற்றாரிடம் விடுவோம். அது எவ்வாறு சொல்லப்பட்டது என்பதையே ஆராய்வோம்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி அக்கதையைக் கூறுகிறாள். பசு கண்ணீர் விட்டது. மன்னன் மகனை மடிவித்தான். அவ்வளவே! பின்னர் வந்த பெரியபுராணத்திலோ கதை வளர்கிறது. கழுவாய் செய்தால் போதும் என்கின்றனர் அமைச்சர்கள். பிறன் கொன்றால் கொலைத்தண்டனை, என் மகன் கொன்றால் கழுவாயா என்று மறுக்கிறான் மன்னன். அரிய கேள்வி! ஆனால் நடந்ததென்ன? தேரோட்டப் பணிக்கப்பட்ட அமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். மன்னனே தேரைச் செலுத்துகிறான். முடிவில் இறைவன் தோன்ற, மாண்டவர் அனைவரும் எழுகின்றனர். தண்டித்த பெருமை நிலைத்தது, இழப்போ மறைந்தது!

அந்த அற்புதம் புராணத்தோடு முடிந்ததா? இல்லை, தோழர்களே! அரசாங்க அலுவலகங்களில் அது இன்னும் நிகழ்கிறது.

1923-இல் வெள்ளையர் இயற்றிய அரசாங்க இரகசியச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. இரகசியத்தை விற்பவனை மட்டுமன்று, அதைப் பேணத் தவறுபவனையும் அது குற்றவாளி என்கிறது. எழுத்தர், உயரதிகாரி என்ற வேறுபாடு அதன் எழுத்தில் இல்லை.

1985 சனவரியில், பிரதமர் அலுவலகக் கோப்புகளே நகலெடுக்கப்பட்டு அயல்நாட்டாருக்கு விற்கப்பட்டது அம்பலமாயிற்று. குமர் நாராயண் வழக்கு என்பது அதன் பெயர். உதவியாளர்கள் கைதாயினர்; 2002-இல் ஊழியர் பலர் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் செய்தது துரோகம். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. தம் உதவியாளர் சிக்கியதும் முதன்மைச் செயலாளர் பி. சி. அலெக்சாண்டர் பதவி விலகினார். அவர்மீது குற்றச்சாட்டு இல்லை; விலகியதும் முறையே. ஆயினும் அதே ஆண்டில் இலண்டனில் இந்தியத் தூதர் பதவி! 1988-இல் குடியரசுத் தலைவர் ஆட்சியிலிருந்த தமிழகத்திற்கு அவரே ஆளுநர்! மேற்பார்வையின் பொறுப்பு ஒரு விலகலில் தொடங்கி, ஒரு புதுப் பதவியில் தீர்ந்துவிடுமா? தனிமனிதரை அன்று, முறையைக் கேட்கிறோம்.

அமெரிக்காவிலும் இதே காட்சிதான். 2015-இல், உளவுத்துறையின் முன்னாள் தலைவர் பெட்ரேயஸ், இரகசியக் குறிப்பேடுகளைத் தம் வரலாற்றை எழுதியவரிடம் தந்ததற்குச் சிறையின்றி அபராதத்தோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் தப்பினார். அதே ஆண்டில், அதே துறையின் முன்னாள் ஊழியர் ஸ்டெர்லிங், செய்தியாளரிடம் இரகசியம் சொன்னதாக 42 மாதச் சிறை பெற்றார். சட்டப்பிரிவுகள் வேறு என்பர். ஆம், எந்தப் பிரிவில் வழக்கிடுவது என்று முடிவு செய்யும்போதே தேர்க்கால் திரும்பிவிடுகிறதே!

காவிரி உழவர் அறிவர்: தண்ணீர் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும். தண்டனையோ கடைமடைக்கே முதலில் வருகிறது, மேல்மடையை நனைப்பதேயில்லை. இளைஞர்களே, கல்தேரைக் கண்டு வியந்து திரும்பாதீர்! அற்புதத்தை நீக்கிவிட்டு, மன்னன் கேட்ட கேள்வியை மட்டும் கையிலேந்துங்கள். விதி ஒன்றென்றால், அதை மீறியோர் பெறும் தீர்ப்பும் ஒன்றாக வேண்டும்.