படிகளை எழுதுக

'எம்.எஸ். வேர்டில் மெயில் மெர்ஜ் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதுக.' பத்து மார்க் கேள்வி. பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. என்று யாரைக் கேட்டாலும், ஏதாவது ஒரு செமஸ்டரில் இதையோ இதன் ஒன்றுவிட்ட தம்பியையோ சந்தித்திருப்பார்கள். கவனியுங்கள், 'செய்க' இல்லை, 'எழுதுக'. பேனாவால், கோடு போட்ட தாளில், மார்ஜின் விட்டு.

இந்தப் பேப்பருக்கு 'கம்ப்யூட்டர் ஃபண்டமென்டல்ஸ்', 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். உள்ளே சரக்கு அநேகமாக ஒன்றுதான். முதல் யூனிட்டில் அபாகஸ், சார்லஸ் பாபேஜ், கம்ப்யூட்டரின் ஐந்து தலைமுறைகள். அப்புறம் வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட். கடைசியில் கொஞ்சம் இன்டர்நெட். இதற்கென்று கடைகளில் விற்கும் புத்தகங்களில் நாலைந்தை வாங்கி வரிசையாகப் படித்துப் பார்த்தேன். துப்பறியும் நாவல் படித்துப் பழகியவனுக்குக் கொஞ்சம் சிரமமான வேலை. கடைசிப் பக்கம் வரை கதாநாயகன் யார் என்றே தெரியவில்லை.

எல்லாப் புத்தகங்களும் 'எனியாக்'கின் எடையைத் தவறாமல் சொல்கின்றன. 30 டன். சுமார் 18,000 வால்வுகள். 1946ல் வெளியுலகத்துக்குக் காட்டினார்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால், அடுத்த யூனிட்டில் எக்ஸெல் கற்கப் போகிற பெண்ணுக்குத் தேவையான சரித்திரம் வேறு.

1978ல் ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூலில் டான் பிரிக்லின் என்று ஒரு மாணவர். கரும்பலகையில் கட்டம் கட்டமாக எண்களை எழுதிக் கணக்குப் போடுவார்கள். நடுவில் ஒரு எண் மாறினால் போச்சு, அதை நம்பியிருக்கும் அத்தனை கட்டங்களையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்கிற கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்லினுக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃப்ராங்ஸ்டனுடன் சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். 1979ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த 'விஸிகால்க்' அதுதான். 1983ல் வந்த லோட்டஸ் 1-2-3, 1985ல் மெக்கின்டாஷில் வந்த எக்ஸெல் எல்லாம் அதன் வாரிசுகள்.

'தானாக மாறும் கரும்பலகை.' எக்ஸெல்லின் ஆத்மா இந்த மூன்று வார்த்தையில் இருக்கிறது. நான் படித்த புத்தகங்களில் இது இல்லை. அதற்குப் பதிலாக, எந்த மெனுவில் எந்தப் பட்டன், அதை அழுத்தினால் எந்தப் பெட்டி திறக்கும், அதில் எங்கே 'ஓகே' என்று இருக்கிறது. படம் வேறு போட்டிருக்கிறார்கள், கறுப்பு வெள்ளையில், மசமசவென்று.

பட்டனின் விலாசத்தை மனப்பாடம் செய்வதில் ஒரு சங்கடம். பட்டன்கள் வீடு மாறும். ஆபீஸ் 2007 வந்தபோது வேர்டிலும் எக்ஸெல்லிலும் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு 'ரிப்பன்' என்று ஒன்றை வைத்தார்கள். 'டூல்ஸ் மெனுவில் மூன்றாவது' என்று படித்தவர்களுக்கு டூல்ஸ் மெனுவே இல்லை. நம் ப்ளஸ் டூ பாடத்தில் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. 2018ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஓப்பன் ஆபீஸ். கல்லூரிக்குப் போனால் எம்.எஸ். ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கூகுள் ஷீட்ஸ். பெயர்ப் பலகைதான் வேறு, விற்கிற சரக்கு ஒன்றே. சரக்கைத் தெரிந்தவன் எந்தக் கடையிலும் பிழைத்துக்கொள்வான். பலகையை மட்டும் பார்த்தவன் ஒவ்வொரு முறையும் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரக்கு என்று எதைச் சொல்கிறேன்? மூன்றே மூன்று.

முதலாவது வேர்டு. பலர் அதை டைப்ரைட்டராகவே பயன்படுத்துகிறார்கள். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரை இருபது தடவை தட்டுவது. அடுத்த பக்கம் போக என்டர், என்டர், என்டர். ஒரு வரி சேர்த்தால் மொத்தக் கட்டடமும் சரிந்துவிடும். 'இது தலைப்பு, இது உபதலைப்பு, இது பத்தி' என்று வேர்டிடம் சொல்லிவிட்டால் போதும். அதற்குத்தான் 'ஸ்டைல்' இருக்கிறது. நூறு பக்கத்துப் புராஜெக்டில் எல்லாத் தலைப்பையும் ஒரே இடத்தில் மாற்றலாம், பொருளடக்கத்தை அதுவே போட்டுக் கொடுக்கும். எழுத்து எப்படித் தெரிகிறது என்பது வேறு, அது என்ன என்பது வேறு. இந்த வித்தியாசம்தான் பாடம். போல்டு, இட்டாலிக் எல்லாம் பத்து நிமிஷச் சமாச்சாரம்.

இரண்டாவது எக்ஸெல். மொபைல் கால்குலேட்டரில் கூட்டி, விடையை எக்ஸெல் கட்டத்தில் டைப் அடிக்கிறவர்களைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்க அட்டவணை மாதிரியே இருக்கும். ஆனால், அது கணக்கு இல்லை, கணக்கின் போட்டோ. ஒரு கட்டத்தில் இருப்பது எண்ணா, வெறும் எழுத்தா, மற்றக் கட்டங்களைக் கேட்டு விடை சொல்லும் ஃபார்முலாவா? கீழே இழுத்தால் விலாசமும் கூடவே நகருமா, 'டாலர்' குறி போட்டு ஆணி அடித்த மாதிரி நிற்குமா? இது புரிந்தால் பாதி எக்ஸெல் வந்துவிட்டது.

மூன்றாவது தமிழ். பழைய பாமினி எழுத்துருவில் திரையில் 'அ' தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில 'எம்'. 'அ' என்பது நாம் போட்ட வேஷம். அதனால்தான் அந்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கிரந்தமும் இல்லாமல் கிரேக்கமும் இல்லாமல் ஏதோ வருகிறது. தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் குழம்பும். யூனிகோடில் 'அ' உள்ளேயும் 'அ'தான். 2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. எழுத்துரு வேறு, எழுத்தின் குறியீடு வேறு என்பது கம்ப்யூட்டர் அடிப்படைகளில் அடிப்படை. தமிழ்நாட்டு மாணவருக்கு இதைவிடக் கிட்டத்தில் இருக்கிற உதாரணம் வேறில்லை. புத்தகத்தில்? 'ஃபாண்ட் சைஸ் மாற்றுவது எப்படி, ஐந்து மார்க்.'

'சின்ன விஷயத்துக்கு ஏன் சார் இத்தனை கோபம்?' என்று கேட்கலாம். சின்ன விஷயம் இல்லை.

2010ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள், ஒரு நாட்டின் கடன் அதன் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசாங்கச் செலவை வெட்ட வேண்டும் என்று சொன்ன அரசியல்வாதிகளுக்கு அது வேதவாக்கு. 2013ல் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்ஸெல் ஃபைலையே வாங்கிப் பார்த்தார். 30ஆவது வரிசை முதல் 49 வரை சராசரி எடுக்க வேண்டிய ஃபார்முலா, 44லேயே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் அவுட். கட்டுரையில் வேறு குறைகளும் இருந்தன. ஆனால், உலகம் மறக்காதது அந்த ஐந்து வரிசையைத்தான்.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கொரோனா உறுதியான சுமார் 16,000 பேர் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். காரணம் வைரஸ் இல்லை. பழைய எக்ஸெல் ஃபைல் வகையில் 65,536 வரிசைதான் இடம். அதற்கு மேல் வந்ததெல்லாம் சத்தமில்லாமல் கீழே விழுந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வது தாமதமானது. 2007லிருந்து புதிய வகையில் பத்து லட்சத்துக்கு மேல் வரிசைகள் உண்டு. ஃபைல் வகை என்றால் என்ன என்பது இரண்டு மார்க் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் தெருவுக்கே வருவோம். ஒரு லட்ச ரூபாய் கடன். '12 சதவீதம் ஃப்ளாட் வட்டி சார்' என்கிறார் கடன் கொடுப்பவர். ஒரு வருஷத்துக்கு 12,000 வட்டி, மொத்தம் 1,12,000. பன்னிரண்டு தவணை, மாதம் 9,333 ரூபாய். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், மாதா மாதம் அசலையும் சேர்த்துத்தானே திருப்பிக் கட்டுகிறீர்கள்? ஆறாம் மாதம் உங்கள் கையில் அந்த ஒரு லட்சம் இல்லை. ஆனால், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கு. எக்ஸெல்லில் 'ரேட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. தவணை எத்தனை, தவணைத் தொகைக்கு முன்னால் மைனஸ் போட்டு 9,333, கடன் ஒரு லட்சம் என்று மூன்றே எண் கொடுங்கள். மாதத்துக்கு 1.79 சதவீதம் என்று சொல்லும். பன்னிரண்டால் பெருக்கினால் வருஷத்துக்குச் சுமார் 21.5 சதவீதம்.

பன்னிரண்டு என்று சொன்னது இருபத்தொன்றரை! பி.காம். முடித்த பெண் தன் அப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்ட முடிந்தால், அந்த ஒரு பேப்பருக்காகவே மூன்று வருஷ ஃபீஸ் கட்டியது வீண் இல்லை. இப்போது அவளுக்குத் தெரிந்தது, அந்த ஃபங்ஷனை 'இன்சர்ட்' செய்யும் ஆறு படிகள்.

ஆசிரியர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. அறுபது மாணவர்கள், இருபது மெஷின், அதில் நாலு பூட் ஆகாது. கரன்ட் போனால் லேப் கேன்சல். ரெக்கார்டு நோட்டில் ஸ்க்ரீனைப் பென்சிலால் வரைந்து கையெழுத்து வாங்குகிற சம்பிரதாயம் வறுமையில் பிறந்தது. வசதி வந்தபிறகும் போகவில்லை, அதுதான் வருத்தம். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு மவுஸை முதல்முதலாகத் தொடும் இடம் அந்த லேப்தான். 2011ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோதுதான் பல வீடுகளுக்குக் கம்ப்யூட்டரே வந்தது. படிப்படியாகச் சொல்லித் தருவதில் ஒரு கருணையும் இருக்கிறது, பயத்தைப் போக்குகிறது. சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு. அரசுத் தட்டச்சர் வேலைக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வைக் கேட்கிறார்கள். அதில் பிராக்டிகலும் உண்டு. படிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்கட்டு எந்த மாடிக்குப் போகிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

'இனிமேல் இதெல்லாம் எதற்கு, ஏ.ஐ.யிடம் கேட்டால் ஃபார்முலா எழுதித் தருகிறதே' என்பது புதிய வாதம். உண்மைதான், தருகிறது. 2023லிருந்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குள்ளேயே 'கோபைலட்' வந்து உட்கார்ந்துவிட்டது. படிகளை மனப்பாடம் செய்கிற படிப்பை அது ஒரே போடாகப் போட்டுவிட்டது. ஆனால், அது எழுதித் தருகிற ஃபார்முலா 49 வரை போகிறதா, 44லேயே நிற்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் சம்பளம்.

பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு இலவச யோசனை. எக்ஸெல் யூனிட்டை ஒரு மொய் நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பெயர், ஊர், தொகை. ஊர்வாரியாகப் பிரித்தால் அது சார்ட்டிங். மதுரைக்காரர்களை மட்டும் எடுத்தால் ஃபில்டர். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு செய்ய வேண்டும் என்று பெயரை வைத்துத் தேடினால், இன்டர்வியூவில் எல்லாரையும் மிரட்டுகிற வி-லுக்கப். அத்தனை பேருக்கும் பெயர் போட்டு நன்றிக் கடிதம் அனுப்பினால் மெயில் மெர்ஜ். ஒரே நோட்டில் ஒரு செமஸ்டர் முடிந்துவிடும். எந்தப் பிள்ளையும் தூங்காது, ஏனென்றால் பெரிய மாமா எழுதிய தொகை எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றினாலும் போதும். 'படிகளை எழுதுக'வை எடுத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: 'கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. கண்டுபிடித்துத் திருத்துக. பத்து மார்க்.'